அது சலுகை இல்லீங்க, கடன்!

(“ஓர் ஊருக்கு வசதி செய்து தரும்போது முதலில் பார்க்க வேண்டியது கணக்கா? கடமையா?” என்ற பட்டிமன்றத்தில், ‘கடமையே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு)

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நடுவர் அவர்களே! ‘கணக்கே’ என்று கறாராகப் பேசிவிட்டு இப்போது ஆற அமர சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற யோசனையிலேயே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு) பெரியோர்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். சும்மா கேட்கவில்லை, மேசையைத் தட்டிக் கேட்டார். நடுவரய்யா முன்னால இருந்த தண்ணி டம்ளரே ஆடிப்போச்சு. (சிரிப்பு) என்ன கேட்டார்? “நூறு பேர் இருக்கிற ஊருக்கு ஏரோப்ளேன் விட முடியுமா? விட்டா எந்த அரசாங்கம் தாங்கும்?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. அவர் மனசுக்குள்ள நினைச்சது என்ன தெரியுமா? அப்படி ஓர் ஊர் உலகத்துலயே கிடையாது, நம்மள யாரும் மடக்க முடியாதுன்னு!

அண்ணே, இருக்கு. நூறு பேர் இல்லை, 144 பேர். 2021-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்குப்படி 144 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது. அங்கே ஏரோப்ளேன் இறங்குகிறது. என் பேச்சு முழுக்க அந்த ஊரைப் பற்றித்தான். வேறெங்கும் போகப்போவதில்லை.

நடுவர்: ஏம்மா, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் திரும்பக் கொண்டுவந்து விட்ருங்க. ராத்திரி சாப்பாடு இருக்கு. (சிரிப்பு)

ஐயா, ‘திரும்பக் கொண்டுவந்து விட்ருங்க’ன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க. நான் கடைசியில அதுக்குத்தான் வரப்போறேன்.

அந்த ஊர் கனடா நாட்டில் இருக்கிறது. வரைபடத்தில் கனடாவைப் பாருங்கள். மேலே போங்கள், இன்னும் மேலே போங்கள். ஆர்க்டிக் வட்டம் என்று ஒரு கோடு வரும். அதையும் தாண்டி 1,160 கிலோமீட்டர் வடக்கே போனால் எல்ஸ்மியர் என்று ஒரு பெரிய தீவு. அதன் தெற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு துண்டு நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஊர். பெயர் கிரீஸ் ஃபியோர்ட். கிரீஸ்னா வண்டிச் சக்கரத்துக்குப் போடற கிரீஸ் இல்லீங்க. (சிரிப்பு) நார்வேக்காரர் ஒருவர், ஓட்டோ ஸ்வெர்டுரூப் என்பவர், ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டு வாக்கில் கப்பலில் அந்தப் பக்கம் போனார். அங்கிருந்த வால்ரஸ் என்னும் கடல் விலங்குகள் போட்ட சத்தம் பன்றி உறுமுவது போல அவருக்குக் கேட்டிருக்கிறது. ‘பன்றிக் கழி’ என்று அவர் மொழியில் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். வந்தவர் வைத்த பெயர் அது. அங்கே வாழ்கிற இனுயிட் மக்கள் வைத்த பெயர் வேறே. அவர்கள் சொல்வது ‘அவ்யுயித்துக்’. அதற்குப் பொருள், ஒருநாளும் உருகாத இடம்.

பேரைக் கேட்டாலே பல் தந்தியடிக்குது இல்லையா? குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும். அக்டோபர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால், பிப்ரவரியில் பாதி மாதம் ஆகும் மறுபடி எட்டிப் பார்க்க. மூன்று மாதத்துக்கு மேல் ஒரே ராத்திரி. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிடாதீங்க. ‘அப்ப பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப மாட்டாங்களே’ன்னு கிளம்பிடுவாங்க. (சிரிப்பு)

அந்த ஊருக்கு ரோடு கிடையாது. நூனவுத் என்று அந்த ஆட்சிப்பகுதிக்குப் பெயர். 1999-ல் உருவானது. அதில் 25 ஊர்கள். எந்த ஊரிலிருந்தும் இன்னோர் ஊருக்கு ரோடு போட்டு இணைக்கவில்லை. ரயில் கிடையாது. சரி, கடல் இருக்கிறதே, கப்பல்? வரும். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை முடியும் சமயத்தில், பனிக்கட்டி விலகியிருக்கும் சில வாரங்களில் சரக்குக் கப்பல் வரும். வீடு கட்டச் சாமான், எண்ணெய், மாவு மூட்டை, வண்டி என்று ஒரு வருஷத்துக்கு வேண்டிய கனமான சரக்கெல்லாம் அதில்தான் வர வேண்டும். எழுதிக் கொடுக்க மறந்த சாமானுக்கு அடுத்த வருஷம்தான். நாம கடைக்குப் போய்ட்டு வீட்டுக்கு வந்து, ‘அடடா, கடுகு வாங்க மறந்துட்டேனே’ங்கிறோம். அங்கே மறந்தா? அடுத்த வருஷம் தாளிச்சுக்கலாம்! (சிரிப்பு, கைதட்டல்)

அப்படியானால் மற்ற நாளில் அந்த ஊருக்கும் உலகத்துக்கும் என்ன தொடர்பு? ஒரே ஒரு தொடர்பு. அந்த விமான நிலையம்.

‘விமான நிலையம்’ என்று சொன்னதும் கண்ணாடிக் கட்டடம், நகரும் படிக்கட்டு, காப்பி நூற்றைம்பது ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள். சரளைக்கல் பரப்பிய ஒரு மண் ஓடுதளம். நீளம் 1,675 அடி. அதாவது ஏறக்குறைய 510 மீட்டர். பெரிய ஜெட் விமானம் ஓடி எழும்புவதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் கேட்கும். இங்கே அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். தார் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். ஆர்க்டிக்கில் மண்ணுக்கு அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம். கறுப்புத் தார் வெயிலை இழுத்துக்கொள்ளும். அடியில் இருக்கிற பனி இளகும். தரை உள்வாங்கும், விரிசல் விடும். சரளைக்கல் என்றால் மறுபடி நிரவிக்கொள்ளலாம். அதனால்தான் வடக்கே எத்தனையோ ஊர்களில் இன்றைக்கும் சரளைக்கல் ஓடுதளம்.

இவ்வளவு சின்ன இடத்தில் இறங்க ஒரு விமானம் இருக்கிறது. ட்வின் ஆட்டர் என்று பெயர். ஆட்டர் என்றால் நீர்நாய். கனடாவிலேயே செய்தது. 1965-ல் முதன்முதலில் பறந்தது. இரண்டு விசிறி எஞ்சின், அதிகம் போனால் 19 பேர். சக்கரத்திலும் இறங்கும், பனிச்சறுக்குக் கட்டை மாட்டினால் பனியிலும் இறங்கும், மிதவை மாட்டினால் தண்ணீரிலும் இறங்கும். மாமியார் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் ஒருசேர நல்ல பேர் வாங்குகிற மருமகள் மாதிரி! (சிரிப்பு) அது தென்மேற்கே ஏறக்குறைய 380 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ரெசலூட் என்ற ஊரிலிருந்து கிளம்பி வரும். ஆள் குறைவு, சாமான் அதிகம் என்றால், சில இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கிக் கட்டுவார்கள். மூடுபனி இறங்கினால், மலைக்காற்று வேகமெடுத்தால் விமானம் வராது. நாளைக்குப் பார்க்கலாம். நாளையும் இல்லையென்றால் நாளை மறுநாள்.

அங்கே விமானம் வருகிற சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? கடையில் பழம் வரும், காய் வரும், பால் வரும், கடிதம் வரும், மருந்து வரும். சொந்தக்காரர்கள் வருவார்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூட்டுறவுக் கடை, நர்ஸ் இருக்கிற ஒரு சின்ன சுகாதார நிலையம் உண்டு. ஆஸ்பத்திரி கிடையாது. யாருக்காவது நெஞ்சுவலி என்றால், நர்ஸ் முதலில் பார்ப்பது நோயாளியை. அடுத்துப் பார்ப்பது வானத்தை. விமானம் இறங்குமா என்று!

தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரிலேயே பிரசவம் பார்க்க வழியில்லை. நாள் நெருங்குவதற்குச் சில வாரம் முன்பாகவே அவள் அந்தச் சின்ன விமானத்தில் ஏறி, ரெசலூட் வந்து, வேறு விமானம் மாறி, 1,400 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிற இக்காலுயிட் நகரத்து ஆஸ்பத்திரிக்கோ, அதற்கும் அப்பாலோ போய்க் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவோம். அவள் அம்மா வீட்டை விட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளையைக் கையில் ஏந்தித் திரும்பி வரும்போது, ஊர் முகத்தை அந்தப் பிள்ளை முதன்முதலில் பார்ப்பது எங்கே? அந்தச் சரளைக்கல் ஓடுதளத்தில்! அந்த 510 மீட்டரை லாபக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீங்க அண்ணே? வரவிலயா, செலவிலயா? (பலத்த கைதட்டல்)

நடுவர்: அண்ணன் பேனாவை மூடி வச்சுட்டார்மா. (சிரிப்பு)

மூடட்டும் ஐயா. இன்னும் அவருடைய தம்பி இருக்கிறாரே! எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி நல்லா பேசினார். அவர் சொன்னது இது: “பத்துப் பேருக்காக ஊருக்கு வசதி செய்யறதை விட, அந்தப் பத்துப் பேரையும் வசதி இருக்கிற ஊருக்குக் கொண்டாந்து குடி வச்சா செலவு மிச்சம்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கிரீஸ் ஃபியோர்டையும் பார்த்து அப்படிக் கேட்கலாம். 144 பேர். எதற்கு அந்தப் பனியில்? எல்லோரையும் தெற்கே ஒரு பெரிய ஊரில் குடி வைத்தால் விமானமும் வேண்டாம், விமான நிலையமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். கணக்குச் சரியாக வரும்.

தம்பி, உங்களுக்கு ஒரு செய்தி சொல்லட்டுமா? அந்த ஊர் பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு கணக்கால்தான்!

அந்த மக்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டிக்கு அது ஊரே இல்லை. அவர்களுடைய ஊர், ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தெற்கே, கியூபெக் மாநிலத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிற இனுக்ஜுவாக். 1950-களில் நரித்தோல் விலை விழுந்துபோயிருந்தது. தோல் விற்றுப் பிழைத்த மக்களுக்குக் கையில் காசில்லை. அரசாங்கம் உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போது மேலே இருந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இவர்களை எடுத்து வடக்கே வேட்டை மிகுந்த இடத்தில் வைத்தால் உதவித்தொகை மிச்சம். இன்னொரு கணக்கும் இருந்தது. அது பனிப்போர்க் காலம். ஆளே இல்லாத அந்த ஆர்க்டிக் தீவுகள் தன்னுடையவைதான் என்று கனடா உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அங்கே மனிதர்கள் குடியிருக்க வேண்டும். அந்த மக்கள் பின்னாளில் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? மனிதக் கொடிக்கம்பங்கள்.

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்தில் அரசாங்க ஏட்டில் இனுயிட் மக்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான்! அவர்கள் பெயர் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லையாம். அதனால் 1940-களில் ஆளுக்கு ஒரு வட்ட வில்லையில் எண் போட்டுக் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். பெற்ற தாய் ஆசையாக வைத்த பேரை ஓரமாக வைத்துவிட்டு மனுஷனுக்கு நம்பர்! கணக்கு முன்னாடி நின்னா என்ன ஆகும்னு கேட்டீங்களே, இதுதான் ஆகும்! (கைதட்டல்)

1953-ஆம் வருஷம் கோடையில் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். நல்ல வேட்டை கிடைக்கும் என்றார்கள். பிடிக்கவில்லையென்றால் இரண்டு வருஷத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்றார்கள். நடுவர் ஐயா, நீங்கள் கேட்ட அதே வார்த்தை! திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம். அந்த வார்த்தையை நம்பித்தான் அந்த ஜனங்கள் கப்பல் ஏறினார்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் ஒன்றாக இருக்கப்போகிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கப்பல் ஆர்க்டிக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. ஒரே இடம் இல்லை. சிலர் எல்ஸ்மியர் தீவில் இறங்க வேண்டும், சிலர் ரெசலூட்டில் இறங்க வேண்டும். அந்தக் கப்பலில் சின்னப் பையனாக இருந்தவர் ஜான் அமகோவாலிக். பின்னாளில் நூனவுத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர். பெண்கள் வாய்விட்டு அழுததையும், அவர்கள் அழுத அழுகையில் நாய்களெல்லாம் ஊளையிட்டதையும் அவர் வயதான பிறகும் மறக்காமல் சாட்சி சொன்னார். வாயில்லா ஜீவனுக்குப் புரிந்தது. கணக்குப் போட்டவர்களுக்குப் புரியவில்லை.

இறக்கிவிட்டது கோடையின் முடிவில். அடுத்த சில வாரத்தில் இருட்டு தொடங்கிவிடும். இனுக்ஜுவாக்கில் குளிர் உண்டு, ஆனால் குளிர்காலத்திலும் சூரியன் வரும். மாதக்கணக்கில் விடியாத ராத்திரியை அந்த மக்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். வேட்டைப் பிராணி வேறே, கடல் வேறே, பனி வேறே. 1955-ல் இன்னும் சில குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 90 பேர் அளவில். ரெசலூட்டுக்கு இனுயிட் மொழியில் என்ன பெயர் தெரியுமா? விடியலே இல்லாத இடம்! ஒன்று உருகாத ஊர், ஒன்று விடியாத ஊர். அண்ணன் அங்கே, தங்கை இங்கே.

இரண்டு வருஷம் ஆனது. திரும்பக் கொண்டுபோய் விட்டார்களா? இல்லை. பத்து வருஷம் ஆனது, இருபது வருஷம் ஆனது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1980-களின் கடைசியில்தான் திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அரசாங்கம் உதவி செய்தது. சிலர் போனார்கள். ஆனால் அதற்குள் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிரீஸ் ஃபியோர்ட்தான் சொந்த ஊர். அந்த மலையும் அந்தப் பனியும்தான் அவர்களுக்குத் தெரிந்த வீடு. பெரியவர்கள் தெற்கே, பிள்ளைகள் வடக்கே. ஒரே குடும்பம் இரண்டாம் முறை பிரிந்தது!

தம்பி, இப்ப நீங்க மறுபடியும் ஒரு நோட்டைத் தூக்கிட்டு வந்து, ‘144 பேர்தானே, வேற ஊருக்கு மாத்திடலாம்’னு சொன்னா, அந்த மக்கள் என்ன கேட்பாங்க தெரியுமா? ‘ஏம்ப்பா, எங்க தாத்தாவை மாத்தினது பத்தாதா?’ன்னு கேட்க மாட்டாங்களா? (நீண்ட கைதட்டல்)

1994-ல் கனடாவின் அரச ஆணையம் ஒன்று இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்றது. 1996-ல் ஒரு கோடி கனடா டாலரில் அந்த மக்களுக்காக அறக்கட்டளை வைத்தார்கள். பணம் வந்தது, மன்னிப்பு வரவில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கிறது சுலபம். ‘நாங்க செஞ்சது தப்பு’ன்னு சொல்றதுக்குத்தான் நாக்கு எழாது. அதுக்கு இன்னும் 14 வருஷம் ஆச்சு. 2010 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, கனடா அரசாங்கம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. எங்கே? அந்த இனுக்ஜுவாக்கிலேயே, அவர்கள் புறப்பட்ட அதே மண்ணில்.

அதே ஆண்டு இரண்டு சிலைகள் வைத்தார்கள். கிரீஸ் ஃபியோர்டில் ஒரு சிலை. லூட்டி பிஜமினி என்ற சிற்பி செய்தது. ஒரு தாய், ஒரு சின்னப் பையன், பக்கத்தில் ஒரு நாய். ரெசலூட்டில் ஒரு சிலை. சிமியோனி அமகோவாலிக் என்ற சிற்பி செய்தது. தன்னந்தனியாக ஒரு ஆண். அந்தத் தாய் ரெசலூட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஆண் கிரீஸ் ஃபியோர்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் ஏறக்குறைய 380 கிலோமீட்டர். கடலும் பனியும். கல்லாய் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல்.

நடுவர் அவர்களே! இப்போது சொல்லுங்கள். அந்தச் சின்ன விமானம் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று நான் முதலில் சொன்னேன்? ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு! அந்த இரண்டு சிலைகளும் எந்தத் திசையைப் பார்த்து ஏங்குகின்றனவோ, அந்த வழியில்தான் ட்வின் ஆட்டர் பறக்கிறது. கப்பல் பிரித்த குடும்பத்தை விமானம் சேர்த்து வைக்கிறது. கல்லால் முடியாததை அந்தச் சரளைக்கல் ஓடுதளம் செய்கிறது! (கைதட்டல் நெடுநேரம்)

நடுவர்: (சிறிது நேரம் கழித்து) சொல்லும்மா. மேல சொல்லு.

ஐயா, எதிரணியில் கடைசியாகப் பேசிய சகோதரி ஒரு வார்த்தை சொன்னார். சின்ன ஊர்களுக்குச் செய்கிற செலவெல்லாம் சலுகை, சலுகைக்கு ஓர் எல்லை வேண்டும் என்றார். எனக்குக் கோபமே அந்த வார்த்தை மேல்தான். சலுகை என்றால் என்ன? தராமல் இருக்கலாம், பெரிய மனசு பண்ணித் தருகிறேன் என்பது சலுகை. கடன் என்றால் என்ன? வாங்கினேன், கொடுத்தே ஆக வேண்டும் என்பது கடன். அந்த மக்களை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? அரசாங்கம். அவர்கள் அங்கே இருந்ததால் யாருக்கு லாபம்? நாட்டுக்கு. வட ஆர்க்டிக்கில் கனடா கால் ஊன்றி நிற்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று மன்னிப்புக் கேட்ட நாளில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. ஒரு நாட்டின் எல்லைக்கே காவலாக நின்ற குடும்பத்துக்கு வாரத்தில் சில தடவை ஒரு சின்ன விமானம் விடுவதற்குப் பேர் சலுகையா? அம்மா, அது வட்டிங்க! அசல் இன்னும் பாக்கி இருக்கு! (பலத்த கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இவ்வளவு பேசிவிட்டு, ‘அப்ப கணக்கே வேண்டாமா?’ என்று எதிரணி அண்ணன் கேட்பார். வேண்டும் அண்ணே. கணக்கு இல்லாமல் அந்த விமானம் இறங்கவே முடியாது. எத்தனை கிலோ ஏற்றலாம், எவ்வளவு எரிபொருள் வேண்டும், இறங்க முடியாவிட்டால் திரும்பிப் போக மிச்சம் இருக்குமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானி ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுகிறார். கனடாவின் வடக்கு ஊர்களில் இப்படிப்பட்ட சின்ன விமான நிலையங்களில் உள்ளூர்க்காரர் ஒருவரே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து விமானிக்குச் சொல்கிறார். அதுவும் கணக்குத்தான். ஆனால் அவர்கள் போடுகிற கணக்குக்கும் நீங்கள் போடச் சொல்கிற கணக்குக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் ‘போகலாமா, வேண்டாமா?’ என்று கணக்குப் போடுகிறீர்கள். அவர்கள் ‘எப்படியாவது போய்ச் சேருவது எப்படி?’ என்று கணக்குப் போடுகிறார்கள். கடமை முன்னால் நடந்தால் கணக்கு அதற்கு வழி காட்டும். கணக்கு முன்னால் நடந்தால் மனிதன் கழுத்தில் நம்பர் தொங்கும்.

நடுவர் அவர்களே! அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்லி முடிக்கிறேன். நூறு பேர் இருக்கிற ஊருக்கு ஏரோப்ளேன் விட முடியுமா என்று கேட்டார். முடியும். விட வேண்டும். ஏனென்றால், ஒரு காலத்தில் அவர்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்கள், திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று. அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் காப்பாற்றவில்லை. பிரசவத்துக்குப் போன பெண்ணையும், நெஞ்சுவலி என்று தூக்கிக்கொண்டு போன பெரியவரையும், திரும்ப அவரவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிற அந்தச் சின்ன விமானம்தான் இன்றைக்கு அந்த வார்த்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, ஓர் ஊருக்கு வசதி செய்து தரும்போது முதலில் பார்க்க வேண்டியது கடமையே, கடமையே என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு, ஐயா, உங்களையும் ராத்திரி சாப்பாட்டுக்கு நேரத்தோடு திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டேன் (சிரிப்பு) என்று சொல்லி, அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)